எஞ்சின் பெட்டியில் வந்த பையன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் ஜெயித்த கதை. யாரும் சாகவில்லை, படகு கவிழவில்லை, எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்கள். முடிவு தெரியாமல் கதை கேட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. உங்களிலும் என்னைப் போல ஒன்றிரண்டு பேர் இருப்பீர்கள், அவர்களுக்காக இந்த ஏற்பாடு.

நம் வயதுக்காரர்கள் சேர்ந்தால் இப்போது முழங்கால் வலியும் சர்க்கரையும்தான் பேச்சு. கொஞ்ச நேரம் அதை விடுங்கள். போன மாதம் பொன்னேரியில் ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு கல்லூரிப் பையன் குட்டையான, தடித்த புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு வலது பக்க அட்டையிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாப்பா, கடைசிலேருந்து படிக்கிறே? பரீட்சைக்கா?"

பையன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அது கடைசி இல்லீங்க, அதான் மொதல். ஜப்பான் பொஸ்தகம். இன்னா தம்பி, மொத பாகமா?"

என் மீன்கூடையே பேசிவிட்ட மாதிரி அவன் என்னைப் பார்த்தான். "ஆமா ஆன்ட்டி, ஃபர்ஸ்ட் வால்யூம். நீங்க படிப்பீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு படிச்சிருக்கேன். உங்க அப்பாவுக்கு மீசை மொளைக்காத காலத்துல."

பெட்டியே சிரித்தது. மிச்சத்தைச் சொல்வதற்குள் மீஞ்சூர் வந்து அவன் இறங்கிவிட்டான். அவனுக்குச் சொல்ல வைத்திருந்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது. இப்போது பாலம் வந்துவிட்டது. அப்போது பழவேற்காடு டவுனுக்குப் போக வேண்டுமென்றால் படகுதான். அரிசிக்குப் படகு, மண்ணெண்ணெய்க்குப் படகு, பிரசவத்துக்குப் படகு. அம்மா தினமும் கூடையோடு அக்கரைக்குப் போய் மீன் விற்றுவிட்டு வருவாள். ஐந்தாவது வரை பள்ளிக்கூடம் குப்பத்திலேயே. ஆறாவதுக்கு டவுன்.

நானும் சில மாதம் போனேன். மழைக்காலத்தில் ஒரு நாள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் மொண்டுகொண்டது. ஒன்றும் ஆகவில்லை. அந்த இடத்தில் தண்ணீர் பெரியவர்களுக்கு மார்பளவுதான். எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி வேறு படகில் உட்கார வைத்தார்கள். உரச்சாக்கில் நைனா தைத்துக் கொடுத்த என் பை மட்டும் போயிற்று. அதற்குள் புது ஜாமென்ட்ரி பாக்ஸ் இருந்தது. மூடியைத் திறந்தால் வரும் அந்தத் தகர வாசனையை இன்றைக்கும் எங்காவது முகர்ந்தால் நின்றுவிடுவேன்.

மறுநாள் கரைக்குப் போனேன். கால் நகரவில்லை. அதற்கு மறுநாளும் நகரவில்லை.

அம்மா காற்று பட்டிருக்கிறது என்றாள். கோயில் திருநீறும் பூசினாள், தர்காவில் கயிறும் மந்திரித்துக் கட்டினாள், எது வேலை செய்தாலும் சரி என்று. படிப்பில் நாட்டமில்லை என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். நைனா, "வுடு, பெரிய மனுஷியானா சரியாப்பூடும்" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும். என் பயத்துக்கு அது தெரியாது. அந்தத் தண்ணீருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, அடுத்த முறை விடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீன்காரன் வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர் பயம். இதைவிட ஒரு குப்பத்துக்குச் சிரிக்க என்ன வேண்டும்? என் அத்தை மகன் என்னைவிட நாலைந்து வயது பெரியவன், நைனாவின் படகிலேயே வேலை. குளிக்கப் போனால்கூட, "ஏய், பாத்து, குண்டானுக்குள்ள முழுவிடப் போற!" என்று கத்துவான்.

அந்த வருஷம் மழை விட்டதும் எஞ்சின் வந்தது.

மீனவர் சங்கத்தின் மூலமாக எங்கள் குப்பத்துக்கு ஒரே ஒரு ஜப்பான் எஞ்சின். படகின் பின்னால் மாட்டிக்கொள்கிற வகை. யாருக்கு என்று சண்டை வரவில்லை. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை வைப்பது என்பதை எங்கள் பக்கம் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஒருவர் முறை முடிந்தால் அடுத்தவர் முறை. அதற்குப் பாடு என்று பெயர். எஞ்சினுக்கும் அப்படியே பாடு போட்டார்கள். முதல் பாடு எங்கள் படகுக்கு விழுந்தது.

மரப்பெட்டியைக் கரையில் வைத்து ஆணி பிடுங்கினார்கள். கருவாட்டு வாசனை தவிர வேறெதுவும் தெரியாத மூக்குக்கு அந்தப் பெட்டியின் மரவாசனை புதுசு. உள்ளே வைக்கோல் மாதிரி சுருள் சுருளாக மரச்சீவல், அதற்குள் எண்ணெய் மினுக்கோடு எஞ்சின்.

நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, எட்டிப் பார்த்தார். எங்கள் படகில் மூத்தவர் அவர்தான். எஞ்சினே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

"இன்னாடா இது, பொட்டி ஆனை மாதிரி இருக்குது, உள்ள கொரங்குக் குட்டி கெடக்குது? இது கத்தினா ஏரில ஒரு மீனு நிக்குமா?"

அடியில் மரச்சீவலுக்குள் ஒரு புத்தகம் கிடந்தது. கையடக்கம், செங்கல் தடிமன். அட்டையில் ஒரு பையன். தலைமுடி தாழைமடல் மாதிரி முள் முள்ளாக நிற்கிறது. அவன் காலடியில் ஒரு படகு, பின்னால் மலை மாதிரி ஒரு மொட்டைத்தலையன். எழுத்தெல்லாம் மேலிருந்து கீழே தொங்குகிறது, வலையில் நண்டு மாட்டின மாதிரி.

டவுனிலிருந்து வந்திருந்த சங்கத்துக் கிளார்க் அதைப் புரட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இதான் மேன்யுவல். எஞ்சினை எப்டி ஓட்டணும்னு இதுல இருக்கும். ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்யா. படிக்காதவனுக்கும் புரியணும்னு படமாவே போட்டுட்டான் பாரு." கூடவே இங்கிலீஷில் மெல்லிய தாள் ஒன்று மடித்து இருந்தது. "இது பில்லு" என்று அதைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

அட்டையில் படகு இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெட்டி கட்டுகிற கூடத்தில் எவனோ ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொண்டிருந்து, கை தவறி உள்ளே விட்டிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. பாவம், எத்தனை நாள் தேடினானோ. அதை நினைத்தும் நான் கவலைப்பட்டிருக்கிறேன்.

"எஞ்சின் யாரு பாட்டுல இருக்குதோ பொஸ்தகமும் அவன்கிட்டதான்" என்று முடிவாயிற்று. நைனா அதைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தார்.

மெக்கானிக் ஒருவர் வந்து, கயிறு எங்கே இழுப்பது, பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். மிச்சத்துக்குப் புத்தகம்தான். நைனாவுக்கு எழுத்து தெரியாது. வீட்டில் படித்தவள் நான். ஜப்பான் எழுத்துக்கு ஐந்தாவது படித்தவளும் படிக்காதவரும் ஒன்றுதான் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை. மத்தியான வேளையில் வலையைக் காயப் போட்டுவிட்டு, கவிழ்த்து வைத்த படகின் நிழலில் உட்கார்ந்து படிப்போம். முரட்டுத் தாள். புரட்டினால் விரலில் மை லேசாக ஒட்டும்.

தமிழ்ப் புத்தகம் மாதிரியே இடது பக்க அட்டையிலிருந்து ஆரம்பித்தோம். முதல் படத்தில் பெரிய கடல், நடுவில் சின்னப் படகு, அதில் அந்தப் பையன்.

"மொதல்ல படகைத் தண்ணில எறக்கணும்" என்றார் நைனா.

அடுத்து மொட்டைத்தலையனும் பையனும் சண்டை போட்டார்கள். குத்துக்குப் பக்கத்தில் எழுத்து வெடித்துச் சிதறியது.

"எஞ்சின் பெருசு, ஆளு சின்னவன். ஆனா பயப்படாம கயித்த இழுக்கணும்னு காட்றான். இது எஞ்சின் சத்தம்."

அப்புறம் வரிசையாகச் சில கட்டங்கள் வந்தன. பையன் படகில் நிமிர்ந்து நிற்கிறான். பிறகு பாதி குனிந்திருக்கிறான். பிறகு குந்தியிருக்கிறான். பிறகு படகின் அடியில் தார்ப்பாய்க்குள் சுருண்டு கிடக்கிறான்.

நைனா தொடையில் தட்டினார். "புரிஞ்சுப்போச்சு கண்ணு! எஞ்சின் கெளம்பறப்ப யாரும் நிக்கக் கூடாது. எல்லாரும் குந்திக்கணும்."

சில பக்கங்களின் மூலையில் நமக்குத் தெரிந்த எண்களே இருந்தன. ஆனால் அவை இறங்கிக்கொண்டே போயின. எனக்கு அது உறுத்தியது. நைனாவிடம் காட்டினேன். தாளைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஸ்பீடு கொறைக்கிறான்."

கடைசியில் பையன் ஒரு குடிசை வாசலில் தன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, கடலைப் பார்த்து அழுகிறான். நைனா அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வேல முடிஞ்சா நேரா வூட்டுக்கு வந்துடணும்" என்று மூடிவிட்டார்.

எஞ்சின் புத்தகத்தில் ஏன் ஒரு பையன் அழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏனென்றால் எனக்கு அது வேறு மாதிரி புரிந்திருந்தது. கடலிலிருந்து வீரனாக வந்தவன், ஒவ்வொரு பக்கமாகத் தைரியம் வடிந்து, கடைசியில் அம்மா முந்தானைக்குள் புகுந்துகொள்கிறான். இவன் நான்தான். ஜப்பானில்கூட ஒருத்தனுக்கு இப்படி ஆகியிருக்கிறது என்பதில் ஆறுதலும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. அந்தக் கடைசிப் பக்கங்களை நைனாவுக்காகப் புரட்டும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

கரையோரமாக வெள்ளோட்டம் பார்த்தார்கள். நைனா கயிற்றைப் பிடித்ததும், "குந்துங்கடா!" என்பார். மொத்தப் படகும் தலையைக் குனிந்து குந்தும். எஞ்சின் உறுமும், படகு பாயும். கரையில் நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

"காலங்காத்தால கொல்லைக்குக் குந்தற மாதிரி குந்தறானுங்க பாரு" என்று ஒருத்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் எஞ்சின் ஓடியது. குந்தியதால்தான் ஓடியது என்பதில் நைனாவுக்குத் துளி சந்தேகமில்லை. அத்தை மகன்கூட என்னைக் கேலி செய்வதை மாற்றிக்கொண்டான். "இன்னாங்க எஞ்சினீரம்மா, இன்னிக்கு இன்னா பாடம்?"

அப்போதுதான் கிளார்க் சொல்லி அனுப்பினார். எஞ்சினைக் குப்பத்திலிருந்து டவுன் துறை வரை ஓட்டிக் காட்ட வேண்டும். சங்கத்து ஆட்கள் துறையில் இருப்பார்கள். நடுவில் மக்கர் பண்ணினால், ஓட்டத் தெரிந்த வேறு குப்பத்துக்கு எஞ்சினை மாற்றிவிடுவார்கள். நைனா முகத்தில் சந்தோஷம், பெரியப்பா முகத்தில் அதைவிட சந்தோஷம்.

அரைப் பரீட்சை லீவு அது. டவுனில் வலைநூல் கடை வைத்திருந்த பாய், பாக்கி விஷயமாகவோ கருவாட்டுக்காகவோ குப்பத்துக்கு வந்தார். கூடவே அவர் மகள். ஆறாவதில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். என்னைப் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்து வந்திருக்கிறாள். வந்ததும், "நீ செத்துட்டேன்னு கணக்கு வாத்தியார் நெனைச்சிட்டிருக்காரு" என்றாள். அவள் பேச்சு அப்படித்தான்.

புத்தகத்தைக் காட்டினேன். வாங்கி மடியில் வைத்தாள். அவள் கை தானாகப் போய் வலது பக்க அட்டையைத் திறந்தது.

"ஏய், அது பின்பக்கம்டி."

"எங்க வூட்டுல இதான் முன்பக்கம்."

"எழுத்து தெரியுமா ஒனக்கு?"

"இந்த எழுத்து யாருக்குத் தெரியும்? எங்க உம்மா வாசிக்கிற கிதாபெல்லாம் இந்தப் பக்கந்தான் தொறக்கும். எழுத்து அரபு, வாசிச்சா தமிழு. கை பழகிடுச்சு." புரட்டிக்கொண்டே வந்தவள் நின்றாள். "இங்க பாரு, ஏழு, எட்டு, ஒம்போது. ஏறுதுல்ல? நீ எறங்கு கணக்குல படிச்சிருக்கே, லூசு."

என் காது சூடாகிவிட்டது. அவள் விடவில்லை. ஒவ்வொரு பக்கமாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள். பையன் கடலைப் பார்த்துப் பயந்து அம்மா பின்னால் ஒளிகிறான். மொட்டைத்தலையன் வந்து ஊர் விளக்கைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். பையன் எப்படியோ அவன் படகிலேயே தார்ப்பாய்க்குள் ஒளிந்துகொள்கிறான். பிறகு மெல்லக் குந்துகிறான். பிறகு குனிந்து எழுகிறான். பிறகு...

"நிக்கிறான்டி!" என்றாள், அவளே எழுந்து நின்றுவிட்டாள்.

பிறகு சண்டை. மொட்டைத்தலையன் தண்ணீரில் விழுகிறான். இடது பக்கத்துக் கடைசித் தாளில் பெரிய கடல், சின்னப் படகு, விளக்கோடு அந்தப் பையன். கரை கண்ணுக்கே தெரியவில்லை.

"அவ்ளோதானா? முடிஞ்சிடுச்சா?" என்றேன்.

"எங்க முடிஞ்சுது? இப்பதான் கெளம்பறான்."

அந்தப் பக்கத்தை விரலால் தொட்டேன். இத்தனை நாளாக நான் முதல் பக்கம் என்று நினைத்தது இதுதான்.

"ஆமா, இதுல எஞ்சின் எங்கடி இருக்குது?" என்று அவள் கேட்டாள்.

மறுபடி புரட்டினோம். ஒரு பக்கத்திலும் எஞ்சின் இல்லை. கிளார்க்கும் பார்த்தார், நைனாவும் பார்த்தார், ஊரே பார்த்தது. துடுப்பு இருந்தது, பாய் இருந்தது, கத்தி இருந்தது. எஞ்சின் மட்டும் இல்லை.

"இது கதப் பொஸ்தகம்டி" என்று சொல்லிவிட்டு அவள் வாப்பாவோடு படகேறிப் போய்விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நைனாவிடம் எப்படிச் சொல்வது? மொத்த ஊரையும் குந்த வைத்தவர். கதைப் புத்தகத்தைப் பார்த்துக் குந்தினோம் என்று தெரிந்தால் பெரியப்பா ஒருத்தர் போதும், ஆயுசுக்கும் சொல்லிக் காட்ட.

ஓட்டத்துக்கு முந்தின நாள் கரையில் எல்லோரும் கூடியிருந்தபோது பெரியப்பா மெதுவாக ஆரம்பித்தார். "எல்லாம் சரி. நடு ஏரில எஞ்சின் நின்னுட்டா பொஸ்தகத்த யாரு படிப்பாங்க? படிச்சவ கூட வரணும்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏற மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். படித்தவள் இல்லாமல் போகாதே என்று சொல்லி ஓட்டத்தையே நிறுத்திவிடலாம் என்ற கணக்கு.

அம்மா பாய்ந்து வந்தாள். "எம் புள்ளய ஏத்தினீங்க, அந்த எஞ்சினத் தூக்கி ஏரில போட்டுடுவேன், ஆமா!"

நைனா என் பக்கத்தில் குந்தினார். "வேணாம்னா வேணாம் கண்ணு. நான் பாத்துக்கறேன்." சொல்லும்போது கண் எஞ்சினைப் பார்த்தது.

இது கதைப் புத்தகம், நான் வரத் தேவையில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பித்துவிடலாம். ஆனால் நைனாவின் மானம் போய்விடும். சொல்லாவிட்டால் படகில் ஏற வேண்டும். வலது பக்கத்து முதல் தாளில் அழுகிற அந்தப் பையன்தான் கண் முன்னால் நின்றான். அவனும் யாரையும் கேட்டு ஏறவில்லை.

"வரேன் நைனா" என்றேன்.

யாரோ விசிலடித்தார்கள். அத்தை மகன்தான். பெரியப்பா மூக்குப்பொடியை எடுத்தவர் போட மறந்து நின்றார்.

மறுநாள் காலையில் படகுக்குள் கால் வைத்ததும் பலகை அசைந்தது. நேராகப் போய் அடியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். புத்தகம் மடியில். கரையில் அம்மா அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தாள், யாரை என்று தெரியவில்லை.

"குந்துங்கடா!"

குந்தினோம். எஞ்சின் உறுமியது. தண்ணீர் இரண்டாகப் பிளந்து ஓடியது. தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று சத்தம் கேட்டு மொத்தமாக எழும்பி, வானத்தில் இளஞ்சிவப்பாகச் சரிந்தது. நான் அதையும் முழுசாகப் பார்க்கவில்லை, கட்டையைப் பிடித்த என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி ஏரி தாண்டியிருப்போம். எஞ்சின் ஒரு முனகல் முனகி நின்றது.

அந்த அமைதி இருக்கிறதே, அதுதான் பயங்கரம். படகு மெல்லத் திரும்பியது. ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம், முகத்துவாரத்துப் பக்கமாக எங்களை இழுத்தது. துறையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றான் அத்தை மகன். ஒருவர் குடையை மடக்கிக் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்க்கிறாராம்.

"குந்துங்கடா!" என்று நைனா கயிற்றை இழுத்தார். உறுமி நின்றது. மறுபடி, "குந்துங்கடா!" மறுபடி நின்றது. மூன்றாம் முறை எல்லோரும் இன்னும் ஆழமாகக் குந்தினார்கள். பிரயோஜனமில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பெரியப்பா. "மூங்கில் கோலப் போட்டுத் தள்ளுங்கடா. வூட்டுக்குப் போவலாம்."

நைனாவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. திரும்பாமலே சொன்னார். "பொஸ்தகத்தப் பாரு கண்ணு."

எல்லாக் கண்ணும் என் மேல். ஒரு கையால் கட்டையைப் பிடித்தபடியே, மறு கையால் புத்தகத்தை வலது பக்கமிருந்து திறந்தேன்.

"அது கடைசிப் பக்கம்" என்றார் நைனா.

"இல்ல நைனா. இதான் மொதல்."

ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். அந்தக் கட்டங்கள் வந்தன. தார்ப்பாய்க்குள் பையன். குந்துகிற பையன். குனிந்து எழுகிற பையன். நிற்கிற பையன். எஞ்சினைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஆனால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

"ஒருத்தர் நிக்கணும்னு போட்டுக்குது" என்றேன்.

"யாரு?"

கட்டையைப் பிடித்திருந்த அந்த ஒரு கையையும் விட்டேன். எழுந்தேன். படகு ஆடியது, நானும் ஆடினேன், விழவில்லை. ஏரி முழுவதும் ஒரே நேரத்தில் என் கண்ணுக்குள் வந்தது. இவ்வளவு பெரிதா, இவ்வளவு வெளிச்சமா! அடியில் உட்கார்ந்து பார்த்தால் பலகையும் கால்களும் மட்டும்தான் தெரியும். நின்றால் அக்கரை, துறை, தென்னை, எல்லாம்.

நான் கவலைக்காரி. எங்கே போனாலும் எது தப்பாகப் போகும் என்று தேடுகிற கண் என்னுடையது. அந்தக் கண் நேராகப் படகின் பின்னால் போயிற்று. எஞ்சினுக்குக் கீழே தண்ணீருக்குள் நீலமாக ஏதோ வால் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"நைனா, வலை! விசிறில வலை சுத்தினுக்குது!"

கயிறு இழுக்கும்போதெல்லாம் எல்லோரும் தலையைக் குனிந்து குந்தியிருந்தோம். ஒருத்தர்கூடப் பின்னால் பார்க்கவில்லை. அத்தை மகன் எஞ்சினைத் தூக்கிச் சாய்த்தான். தண்ணீரைத் தள்ளும் விசிறியின் இதழ்களில் கிழிந்த நைலான் வலை இறுக்கிச் சுற்றியிருந்தது. கத்தியால் அறுத்து அறுத்து இழுத்தான். நீல வலை, அங்கங்கே சிவப்பு நூலில் முடிச்சு. கையில் தூக்கிப் பிடித்தவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"மாமா, இந்தச் செவப்பு முடிச்சு யாரு போடுவாங்க நம்ம ஊர்ல?"

பெரியப்பா தூரத்துத் தென்னை மரத்தைப் பார்த்தார். சிவப்பு நூலில் வலைக் கிழிசலைப் பொத்துகிற ஆள் குப்பத்தில் அவர் ஒருத்தர்தான். கிழிந்துபோன வலையை ஏரியில் வீசுகிற ஆளும் அவர்தான்.

படகு முழுக்கச் சிரிப்பு. நைனா கயிற்றைப் பிடித்தார். "குந்துங்கடா!" என்றார். நானும் குந்தப் போனேன். "நீ நில்லு!" என்று கத்தினார். "பொஸ்தகத்துல போட்டுக்குதுல்ல!"

ஒரே இழுப்பு. எஞ்சின் கத்திய கத்தில் காது அடைத்தது. நான் நின்றேன். ஒரு கையால் நைனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் புத்தகத்தோடு, பாவாடை படபடக்க, துறை வரை நின்றேன். அத்தை மகன் ஊளையிட்டான். எதிரே வந்த தோணிக்காரர்கள் துடுப்பைத் தூக்கிக் காட்டினார்கள். துறையில் நூல்கடை பாயின் மகள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் உண்மை தெரியும். அவள் இன்றைக்கு வரை யாரிடமும் சொல்லவில்லை.

கிளார்க் ஓடி வந்தார். "நடுவுல நின்னுதே, எப்படிய்யா சரி பண்ணே?"

"பொஸ்தகத்துல போட்டுக்குது சார்" என்றார் நைனா. "எம் பொண்ணு படிச்சி சொல்லிச்சு."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே!" என்று கிளார்க் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "மேன்யுவல் முக்கியம்."

எஞ்சின் எங்கள் குப்பத்திலேயே தங்கியது. லீவு முடிந்ததும் நான் படகேறிப் பள்ளிக்கூடம் போனேன். கணக்கு வாத்தியார் பேயைப் பார்த்த மாதிரி பார்த்தார். எட்டாவதோடு நின்றுவிட்டேன் என்பது உண்மைதான். அம்மாவுக்கு இடுப்பு போய், கூடை என் தலைக்கு வந்தது. அதில் பயத்துக்குப் பங்கில்லை. பாலம் வரும் வரை அந்த ஏரியை என்னைப் போலக் குறுக்கே போய் வந்தவள் யாருமில்லை என்று பந்தயம் கட்டுவேன். மற்ற கவலையெல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. கேஸை மூடினேனா என்று இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். தண்ணீர் மட்டும் இல்லை.

புத்தகம் எஞ்சினோடு பாடு பாடாகக் கை மாறியது. ஒவ்வொரு படகுக்காரனும் ஒவ்வொரு அர்த்தம் கண்டுபிடித்தான். உப்புக் காற்றில் தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியாக நான் பார்த்தது ஓர் ஆயுதபூஜை அன்று. எஞ்சின் கொட்டகைச் சுவரில் அட்டை மட்டும் ஆணியடித்துத் தொங்கியது. முள்முடிப் பையனின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். அவனுக்கு முன்னால் பொரி, கடலை. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். அடுத்த பாகங்களில் அவன் எங்கெங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் போயிருப்பான், அவனைப் பற்றி மட்டும் எனக்குக் கவலையே வந்ததில்லை.

இப்போது குப்பத்தில் எத்தனையோ எஞ்சின்கள். காலையில் கரையில் போய் நின்று பாருங்கள். கயிற்றை இழுக்கும் முன்னால் படகில் எல்லோரும் குந்துவார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் எழுந்து நின்று பின்னால் பார்ப்பான். அந்த ஆள் நிற்காமல் எவனும் கயிற்றைத் தொட மாட்டான். நைனா போய்ச் சேர்ந்துவிட்டார், பெரியப்பாவும் இல்லை. ஏன் இப்படி என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டதற்கு அத்தை மகனின் பேரன் சொன்னான்:

"கம்பெனி ரூலு சார். ஜப்பான்ல எழுதிக் குடுத்தது."

பக்கத்தில் நின்ற நான் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அந்தக் கம்பெனியே நான்தான்.